வாட்ச்மென் காமிக்ஸைக் கழற்றிப் பூட்டிப் படிக்கும் முறை

போன மாதம் அக்கா மகன் கடைக்கு வந்து, "மாமா, வாட்ச்மென் படம் பாத்துட்டேன். கதை தெரிஞ்சுருச்சு. இனி அந்தக் குண்டு புக்கு எதுக்கு?" என்றான். ஒத்தக்கடையிலிருந்து காலேஜுக்குப் போய்வரும் பஸ்ஸில், செல்போனில், மூன்று நாளாகத் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறான். திட்டுவதற்கு வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "படத்த மறந்துரு, மாப்ள. நான் சொல்ற மாதிரி படி" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயரைக் கேள்விப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் பெயர். என் அம்மா இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "எந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பெரிய தவறு ஒன்றும் இல்லை. காவல்காரரைக் காவல் காப்பது யார் என்று பழைய ரோமானியக் கவிஞர் ஜூவெனல் கேட்டதுதான் இந்தத் தலைப்பின் வேர். கதையில் நியூயார்க் சுவர்களில் அந்தக் கேள்வியைக் கிறுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் ஒரு படக்கட்டத்தில்கூட முழு வாக்கியமாகத் தெரியாது. கட்டத்தின் ஓரம் வெட்டியிருக்கும், இல்லையென்றால் யாராவது மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு அந்தப் பெயரில் வேறொரு ஒட்டுதல் உண்டு. என் அப்பா வாட்ச் ரிப்பேர்காரர். டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் கண்ணாடிப் பெட்டிதான் கடை. எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சின் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பெட்ரோல் கிண்ணத்தில் போடுவார். கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டுவார். எந்தச் சக்கரம் எதைச் சுற்றவைக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்தக் கிண்ணம்தான். இப்போது நான் செல்போன் சர்வீஸ் செய்கிறேன், லென்ஸ் மட்டும் அப்பாவுடையது. வாட்ச்மென்னைப் படிக்கிற முறையும் அந்தக் கிண்ணத்திலிருந்து வந்ததுதான். ஓடவிட்டுப் பார், கழற்றிப் பார், திரும்பப் பூட்டிப் பார்.

இனி தெரிந்திருக்க வேண்டியவை. எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ், வண்ணம் ஜான் ஹிக்கின்ஸ். டிசி காமிக்ஸ் 1986, 1987-ல் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்டது. இப்போது நானூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேலாக ஒரே புத்தகமாகக் கிடைக்கிறது. கதை நடப்பது 1985-ல், ஆனால் நமக்குத் தெரிந்த 1985 இல்லை. அங்கே நிக்ஸன் இன்னும் அமெரிக்க ஜனாதிபதி. வியட்நாம் போரில் அமெரிக்கா ஜெயித்துவிட்டது. முகமூடிக்காரர்கள் ஊர்க்காவல் பார்ப்பதை 1977-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பழைய முகமூடிக்காரன் ஒருவனை யாரோ மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி எறிகிறார்கள். அங்கே தொடங்குகிறது கதை. இதற்கு மேல் எதையும் தேடிப் படித்துவிட்டு உட்காராதீர்கள். கேரக்டர் பட்டியல், வம்சாவளி எதுவும் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அட்டையில் மஞ்சள் சிரிப்பு முகத்தைப் பார்த்து குழந்தைகள் புத்தகம் என்று நினைத்து ஒரு நண்பர் ஏழாவது படிக்கிற மகனுக்கு வாங்கித் தரப்போனார். நல்லவேளை, பில் போடுமுன் எனக்குப் போன் செய்தார். பாலியல் வன்முறைக் காட்சி இருக்கிறது. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை இருக்கிறது. நிர்வாணம் இருக்கிறது. காலேஜ் வயதுக்குக் கீழே நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

செல்போனில் படிக்கக் கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி வாட்ச்மென்னைக் கொன்றுவிடும். பெரும்பாலான பக்கங்கள் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டமாகப் பிரிந்திருக்கும். கண் இடமிருந்து வலம் போகும்போதே, மேல் வரிசைக் கட்டத்துக்கும் கீழ் வரிசைக் கட்டத்துக்கும் இடையில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருக்கும். திரையில் ஒரு கட்டம் மட்டும் தெரிந்தால் அது காதில் விழாது. காகிதப் புத்தகம் வாங்குங்கள். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் அட்டை மடங்கிய பிரதி என்று ஒருவர் தள்ளிக் கொடுத்ததை வாங்கியவன் நான். இன்றுவரை அந்த மடிப்பால் ஒரு குறையும் இல்லை. டேப்லெட்தான் இருக்கிறது என்றால் முழுப் பக்கமும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வேகம். நாமெல்லாம் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவர்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியைப் பழைய புத்தகக் கடையில் ஓரம் கிழிந்த பிரதியாக வாங்கி, மதுரையில் பஸ் ஏறித் திருமங்கலம் தாண்டுவதற்குள் முடித்திருக்கிறேன். அந்த வேகம் அதற்குச் சரி. மாயாவி கரண்ட்டில் கை வைத்தவுடன் மறைந்துபோவார், அடுத்த கட்டத்தில் எதிரி மூக்கில் குத்து விழும். வாட்ச்மென்னை அப்படி ஓட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும், ஒன்றும் நிற்காது. ராத்திரிக்கு ஒரு அத்தியாயம், பன்னிரண்டு ராத்திரி. அதற்கு மேல் ஆசை வந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். முதலில் இதழ் இதழாக இடைவெளி விட்டு வந்த கதைதானே.

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். சிரமம் முதல் இரண்டு அத்தியாயங்களில்தான். ரோர்ஷாக் என்கிற முகமூடிக்காரனின் டைரிதான் பலரைத் தடுக்கும். அவன் எழுவாயை முழுங்கிவிட்டுத் தந்தி அடிப்பதுபோல எழுதுவான். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். யார் பேசுகிறார் என்பதற்குப் பலூனைப் பாருங்கள். ரோர்ஷாக்கின் பலூன் ஓரம் நெளிந்திருக்கும். கதையில் நிஜமாகவே சூப்பர்சக்தி உள்ள டாக்டர் மன்ஹாட்டனின் பலூன் நீலமாக இருக்கும்.

அத்தியாயத்தின் பின்னால் வரும் எழுத்துப் பக்கங்களை என் மருமகன் தாண்டிவிட்டான். "அது விளம்பரம்னு நெனச்சேன் மாமா." தாண்டக் கூடாது. முதல் மூன்று அத்தியாயங்களின் கடைசியில் ஹாலிஸ் மேசன் என்கிற பழைய ஹீரோ எழுதிய சுயசரிதைப் பகுதிகள் வரும். முகமூடியைக் கழற்றிவிட்டு மெக்கானிக் கடை வைத்தவர் அவர். கதையில் நாலு கட்டத்தில் வந்துபோகிற ஆள், அந்தப் பக்கங்களைப் படித்தபின் நம் தெருக்காரர் மாதிரி ஆகிவிடுவார். கொள்ளைக்கப்பல் கதை வேறு விஷயம். பேப்பர் கடை ஓரம் உட்கார்ந்து ஒரு பையன் படிக்கும் காமிக்ஸ் அது. அவர்கள் உலகத்தில் சூப்பர்ஹீரோ நிஜமாகவே இருப்பதால், காமிக்ஸில் ஹீரோ கதை விலைபோகவில்லையாம். கடற்கொள்ளையர் கதைதான் ஓடுகிறது. முதல் முறை அது புரியாவிட்டாலும் கண்ணை ஓட்டிக்கொண்டு போங்கள். கடையிலிருக்கும் பெரியவர் பேசுவதும் கப்பல் கதையில் வருபவன் நினைப்பதும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொள்கிறது என்பது இரண்டாம் முறை தெரியும்.

நாலாவது அத்தியாயத்துக்கு வரும்போது வீட்டில் டிவி ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதிகம் புரட்டியது இந்த அத்தியாயத்தைத்தான். தலைப்பே வாட்ச்மேக்கர், அதாவது கைக்கடிகாரம் செய்பவர். டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய்க் கிரகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு பழைய போட்டோ. பன்னிரண்டு விநாடியில் அதைக் கீழே போடப்போவதாக நினைக்கிறார். அடுத்த கட்டத்தில் போட்டோ ஏற்கெனவே மணலில் கிடக்கிறது. அதற்கடுத்ததில் மறுபடி கையில். நேற்று, இன்று, நாளை எல்லாம் அவருக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் கட்டங்கள். நாம் ஒவ்வொன்றாகக் கடக்கிறோம், அவர் பக்கத்தை மொத்தமாகப் பார்க்கிறார். சொல்லப்போனால் காமிக்ஸ் படிக்கிறவர் இருக்கும் இடத்தில்தான் அவர் இருக்கிறார். பக்கத்தைப் பின்னால் புரட்ட நமக்கும் கை இருக்கிறதே!

1945-க்கு வாருங்கள். பின்னால் டாக்டர் மன்ஹாட்டன் ஆகப்போகிற ஜானுக்குப் பதினாறு வயது. அப்பா வாட்ச்காரர், பையனும் அதே தொழிலைப் பழகிக்கொண்டிருக்கிறான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த செய்தி பேப்பரில் வருகிறது. அப்பா, காலமே இடத்துக்கு இடம் மாறும் என்று ஐன்ஸ்டீன் சொல்லிவிட்ட பிறகு இந்தத் தொழில் எதற்கு என்று, பையன் துணியில் பரப்பி வைத்திருந்த சக்கரங்களை மாடியிலிருந்து தெருவில் கொட்டிவிடுகிறார். போய் அணுவைப் படி என்கிறார். பின்னால் வருகிற கட்டங்களிலும் அந்தச் சக்கரங்கள் விழுந்துகொண்டேதான் இருக்கும். என் அப்பா எதையும் தூக்கி எறியவில்லை. பேட்டரி வாட்ச் வந்து, அதற்குப் பின் எல்லார் கையிலும் செல்போன் வந்த காலத்தில், ஒரு சாயங்காலம் பெட்டியிலிருந்த சக்கரங்களையும் முட்களையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, "கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதாச்சும் படி" என்றார். பாட்டில் இன்னும் வீட்டில் பீரோ மேல் இருக்கிறது.

அதே அத்தியாயத்தில் 1959. ஜான் தன் காதலியின் அறுந்து நசுங்கிய வாட்ச்சைச் சரிசெய்து கோட்டுப் பையில் வைக்கிறான். கோட்டை ஆய்வுக்கூடத்து அறையில் மறந்துவிட்டு, எடுக்கப்போகும்போது கதவு பூட்டிக்கொள்கிறது. உடம்பு அணு அணுவாகச் சிதறுகிறது. பிறகு அவர் திரும்பி வருகிற விதம்தான் என்னை உலுக்கியது. முதலில் நரம்புகள் மட்டும், அப்புறம் ரத்தக்குழாய்கள், அப்புறம் எலும்பும் கொஞ்சம் தசையும். கழற்றிப்போட்ட வாட்ச்சைப் பூட்டுகிற வரிசை! வாட்ச் பழகிய பையன் தன் உடம்பையும் அப்படித்தான் பூட்டுவான். இந்த அத்தியாயத்தை முதல் முறை படிக்கும்போது பேப்பர் எடுத்து வருஷங்களை வரிசைப்படுத்தாதீர்கள். குழம்பட்டும். இரண்டாம் முறை லென்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது அத்தியாயத்துக்கு ஒரு பயிற்சி. படித்து முடித்ததும் அதன் முதல் பக்கத்தில் ஒரு விரலும் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விரலும் வையுங்கள். கட்டங்களின் அமைப்பு கண்ணாடி பார்த்தது போல இருக்கும். இரண்டாவது பக்கமும் கடைசிக்கு முந்தைய பக்கமும் அப்படியே. விரல்களை உள்ளே நகர்த்திக்கொண்டே போனால், இருபத்தெட்டுப் பக்கத்தின் நட்டநடுவில், பதினான்கும் பதினைந்தும் ஒரே படமாகச் சந்திக்கும். என் அக்காவிடம் காட்டினேன். மார்கழி முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர். கதை ஒரு வார்த்தை தெரியாது. நடுப்பக்கத்தைப் பார்த்ததும், "நடுப்புள்ளிய வச்சுட்டு ரெண்டு பக்கமும் இழுத்திருக்கான்" என்றார். இந்தப் பயிற்சியில் புத்தகத்தின் பசை விட்டுப்போக வாய்ப்பு உண்டு. அழுத்தி விரிக்க வேண்டாம்.

இன்னும் சிலதைக் கவனித்துக்கொண்டே போகலாம். தெருவில் உலகம் முடியப்போகிறது என்ற பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரு செம்பட்டைத் தலைக்காரன் அலைவான், எண்ணிக்கொண்டே வாருங்கள். நியூயார்க் முழுக்க கங்கா டைனர் என்று இந்தியச் சாப்பாட்டுக் கடை இருக்கும். பரோட்டா சால்னா கிடைக்குமா என்று நானும் போர்டைத் துழாவினேன், தெரியவில்லை. கடைசி அத்தியாயத்தில் அந்தக் கடை இருந்த இடத்தில் என்ன போர்டு தொங்குகிறது என்று பாருங்கள், உலக அரசியல் எந்தப் பக்கம் திரும்பியது என்று அந்த ஒரு போர்டே சொல்லிவிடும். நாஸ்டால்ஜியா என்ற சென்ட் விளம்பரம் எங்கெல்லாம் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வேண்டியிருக்கும்.

பன்னிரண்டாவது அத்தியாயத்தைத் திறக்கும்போது மட்டும் ஒன்று. பதினொரு அத்தியாயமாக ஒன்பது கட்டத்துக்குப் பழகிய கண்ணுக்கு, திடீரென்று ஆறு முழுப்பக்கப் படங்கள் வரும், பக்கத்துக்கு ஒன்றாக. என்ன படங்கள் என்று சொல்ல மாட்டேன். வேகமாகப் புரட்டாதீர்கள். அவ்வளவுதான்.

சரி, படத்துக்கு வருவோம். புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம். ஸாக் ஸ்னைடர் 2009-ல் எடுத்தது. தியேட்டரில் வந்தது 162 நிமிடம். 186 நிமிடத்தில் இயக்குநரின் வடிவம் ஒன்றும், கொள்ளைக்கப்பல் கதையை அனிமேஷனாக ஊடே சேர்த்து 215 நிமிடத்தில் இன்னொன்றும் இருக்கின்றன. என் சிபாரிசு 186. டைட்டில் ஓடும் அந்த ஐந்தாறு நிமிடம் அற்புதம். பாப் டிலன் பாட, முகமூடிக்காரர்களின் நாற்பது வருஷச் சரித்திரம் ஏறக்குறைய உறைந்த படங்களாகப் போகும். புத்தகத்தில் இல்லாததைச் செய்து புத்தகத்தின் மனதைப் பிடித்த இடம் அது. ஜாக்கி ஏர்ல் ஹேலி ரோர்ஷாக்காகவே இருக்கிறார்.

மற்ற இடங்களில் எனக்குச் சண்டை உண்டு. முதல் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸில் இரண்டு துப்பறியும் போலீஸார் காலியான வீட்டில் நின்று, இங்கே தள்ளியிருப்பான், அங்கே விழுந்திருப்பான் என்று சாவகாசமாகப் பேசுவார்கள். நடுநடுவே சிவப்பு தோய்ந்த கட்டத்தில் அடி விழும், மறுபடி போலீஸ்காரர் பேச்சு. கொன்றவன் முகம் தெரியாது. நாம்தான் இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். படத்தில் அதே இடம் நீளமான சண்டை. கண்ணாடி உடைகிறது, ஸ்லோமோஷனில் ஆள் பறக்கிறார், பார்க்க ஜோராக இருக்கிறது. ஜோராக இருப்பதுதான் எனக்குக் குறை. கிப்பன்ஸ் வரைந்த அடி எதுவும் பார்க்க ஆசையாக இருக்காது. படம் ஒவ்வொரு காட்சியையும் புத்தகத்திலிருந்து டிரேஸ் எடுத்தது போல எடுத்துவிட்டு, நிறுத்திப் பின்னால் புரட்டும் வேலையை மட்டும் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. முடிவையும் மாற்றினார்கள். காமிக்ஸில் பேரழிவு யாருக்கும் சம்பந்தமில்லாத வெளியிலிருந்து வருகிறது, படத்தில் பழி தெரிந்த ஒருவர் தலையில் விழுகிறது. படத்தின் முடிவு கோர்வையானதுதான். புத்தகத்தின் முடிவு அபத்தமானது, அந்த அபத்தம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

டைட்டிலில் ஆலன் மூர் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் திரும்பும் என்று ஒப்பந்தம். புத்தகமோ விற்றுக்கொண்டே இருக்கிறது, அச்சு நிற்கவே இல்லை. ஒத்திக்கு விட்ட வீட்டைத் திருப்பவே முடியாமல் போன கதை.

2008-ல் வரத் தொடங்கிய மோஷன் காமிக்ஸ் என்று ஒன்று உண்டு, புத்தகத்தின் படங்களையே லேசாக அசைத்து ஒருவர் படித்துக்காட்டுவது. பெண் பேசும்போதும் அதே ஆண்குரல். அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். 2024-ல் இரண்டு பாகமாக வந்த அனிமேஷன் கதையை மாற்றாமல் சொல்கிறது, கண் பார்வை குறைந்தவர்களுக்கு அதைச் சொல்வேன். 2012-ல் வந்த முன்கதைக் காமிக்ஸ்களை விட்டுவிடலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டியது 2019-ல் எச்.பி.ஓ.வில் டேமன் லிண்டலாஃப் உருவாக்கிய தொடர். ஒன்பது பகுதிதான். இங்கேதான் படம் மட்டும் பார்த்தவர்கள் வழுக்கி விழுவார்கள். தொடரில் வானத்திலிருந்து கணவாய்க் குஞ்சுகள் மழையாகக் கொட்டும். கார் ஓட்டுகிறவர் வைப்பரைப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போவார். இது காமிக்ஸ் முடிவின் தொடர்ச்சி, படத்தின் முடிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என் மருமகன் இந்தத் தொடரைத்தான் முதலில் போட்டு, பத்து நிமிடத்தில் லூசுத்தனம் என்று மூடிவிட்டு, அப்புறம் படத்துக்குப் போனவன்.

தொடர் தொடங்குவது 1921-ல் டல்சா நகரில் கறுப்பின மக்கள்மீது நடந்த படுகொலையில். கற்பனை இல்லை, நடந்தது. கறுப்பினப் பெண் போலீஸ் அதிகாரியாக ரெஜினா கிங். ஐந்தாவது பகுதியின் கடைசியில் அவர் தன் தாத்தாவின் நினைவுகளை மாத்திரையாக விழுங்கிவிட்டு, ஆறாவதில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் தாத்தாவின் இளமைக்குள் நடப்பார். அந்த மாத்திரையின் பெயர் நாஸ்டால்ஜியா. குறித்துவைக்கச் சொன்னேன் அல்லவா? காமிக்ஸில் முகம் காட்டாமலே மறைந்துபோன ஒருவர் யார் என்பதற்கு அந்தப் பகுதி ஒரு பதில் தருகிறது. கேட்டதும் புத்தகத்தை எடுத்து அவர் வரும் கட்டங்களை மறுபடி பார்த்தேன். எதுவும் இடிக்கவில்லை. எட்டாவது பகுதி இன்னும் மேல். ஒரு மதுக்கடை மேஜையில் இரண்டு பேர் பேசுகிறார்கள், ஒருவருக்குப் பத்து வருஷமும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. நாலாவது அத்தியாயத்தைப் படமாக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இவர்கள் அதை எடுக்கவில்லை, அதைப் போல வேறொன்றைச் செய்தார்கள்.

ஆக வரிசை: புத்தகம், இரண்டு வாரம் கழித்து மறுபடி புத்தகம், அப்புறம் தொடர், கடைசியில் படம்.

மருமகன் புத்தகத்தை வாங்கிப்போன ஆறாவது நாள், ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தது. ஒத்தக்கடையில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறி எடுத்தேன்.

"மாமா, மொத பக்கத்துலயே அவன் ரத்தத்த மிதிச்சுட்டுப் போறான்ல?"

"எவன்டா?"

"அதான் மாமா, பலகையத் தூக்கிட்டு."

"அஞ்சாவது முடிச்சுட்டியா?"

"இப்பத்தான். மூணாவதுல வேற வர்றான். இருங்க மாமா, வைங்க. ரெண்டாவதையும் பாத்துட்டுக் கூப்புடுறேன்."